கவிழ்த்துப் பார்த்தல்

எதையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்.
ஒரு கல்யாண வீட்டில் காப்பி டம்ளரைக்கூட.
உள்ளே காப்பி இருந்தது.

யானைக்கல் பக்கம் பழைய சாமான் விற்கும் காஜா மைதீன்
எனக்கென்று ஒதுக்கி வைப்பார்,
கொடைக்கானலில் கைமாறிய வீடுகளிலிருந்து
லாரியில் வந்து இறங்கும் சாமான்களில்
‘அம்மை போட்ட சாடி’ எது இருந்தாலும்.
அவர் வைத்த பெயர் அது.
ஆரஞ்சின் மேல் கறுப்பு கொதித்து
கொதித்த நிலையிலேயே நின்றுபோன மெருகு.
தடவினால் சுடும்போல இருக்கும், சுடாது.
“வேப்பிலையும் சேத்துக் கட்டவா?” என்பார்,
முந்நூறில் ஒரு ரூபாய் குறைக்காமல்.

அடியில் இங்கிலீஷில் மேற்கு ஜெர்மனி,
அதன் கீழே 213-20.
“போன் நம்பரா?”
அடித்தாலும் எடுக்க ஆளில்லை பாய்,
அந்த நாடே இப்போது இல்லை என்றேன்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
அன்றிலிருந்து நானூறு.

213 என்பது வடிவம்.
20 என்பது உயரம், சென்டிமீட்டரில்.
வீட்டில் அளந்தால் பத்தொன்பதே முக்கால்.
அந்தக் கால் எங்கே போனதென்று எனக்குத் தெரியும்.
காளவாசலில் மாடியறையில்
பீங்கான் பல் செய்கிறவள் நான்.
பல்லைப் பெரிதாகத்தான் கட்டவேண்டும்,
உலை தன் பங்கைத் தின்றபின்
மிச்சம்தான் வாய்க்கு.
முன்பு இங்கே சுண்ணாம்பு வெந்தது,
அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள்.
இப்போது வேகிறது
தொள்ளாயிரம் டிகிரியில்
மேலூர் வக்கீல் ஒருவரின் முன்பல்.

நான் செய்தது தெரிந்துவிட்டால்
நான் செய்தது தப்பு.
மயிரிழைக் குமிழி ஒன்று வந்தாலும்
டாக்டர் பிரேம்சிங் திருப்பி அனுப்பிவிடுவார்.
அங்கேயோ
கொப்புளம் வரட்டுமென்றே ஒரு தொழிற்சாலை
சூளையைப் பற்றவைத்திருக்கிறது,
ஷிப்டு போட்டு, சம்பளம் கொடுத்து.
ராத்திரி அலமாரி முன் நின்று
நான் படுவதற்குப் பெயர் ரசனை இல்லை,
பொறாமை.

போன மாதம் வந்த சாடிக்கு அடியில் ஓட்டை.
யாரோ விளக்காக்க
ஒயருக்குத் துளைத்திருக்கிறார்கள்.
வடிவம் போயிற்று, உயரம் போயிற்று,
நாட்டில் மிச்சம் ஓரெழுத்து.
“சொத்தைதானே, அடைச்சிருங்க.
உங்க வேலைதான அது.”

அடைத்திருக்கலாம்.
நிறம் பார்க்கும் பல் வரிசையை
உடைந்த மண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.
ஏ மூன்றரை.
இந்த ஊரில் வெற்றிலை போடும் பாதிப்பேருக்கு அதே நிறம்.
பொடியையும் குழைத்துவிட்டேன்.
பிறகு கை போகவில்லை.
ஓட்டை வழியே தெருவிளக்கு தெரிந்தது,
அது பாட்டுக்குத் தெரியட்டும்.

குழைத்தது காய்ந்துகொண்டிருந்தது.
யாருக்கும் இல்லாத ஒரு கடைவாய்ப் பல் கட்டினேன்.
கவிழ்த்து, ஊசியால் கீறினேன்:
காளவாசல் 1-1.
உலையை வைத்தேன், வைக்கவேகூடாத சூட்டில்.

காலையில் திறந்தால்
அம்மை வார்த்திருந்தது.
அளந்தேன்: ஒன்றே கால்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
காஜா மைதீனும் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார்.
“இந்த ஊரு இன்னும் இருக்குல்லம்மா,
பெருசா வெலை போகாது.”