வேலி தாண்டிய கொடி

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது.
ரொட்டியில் முடியும்.
இரண்டு தகர அச்சு, ஒரு மணி நேரம்,
முந்நூற்றைம்பது டிகிரி.
வில்டா திபோடோ செய்து பார்த்தாள்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடி.
உருளைக்கிழங்கு அறுவடைக்காகப்
பள்ளிக்கூடத்துக்கு மூன்று வாரம் விடுமுறை.
அவள் ஓட்டும் மஞ்சள் பேருந்து கொட்டகையில் தூங்குகிறது.
செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு
ஸ்டீயரிங் இல்லாத கைகளை
என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கொடி ஆன்சன் பிக்ஃபோர்டுடையது.
வேர் அவன் தோட்டத்தில்.
ஜூலையில் வேலிக் கம்பியைப் பிடித்தது,
ஆகஸ்டில் இந்தப் பக்கம் இறங்கியது,
அவள் புல்தரையில் ஒரே ஒரு காயை வைத்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் இலை சுருட்டிக்கொண்டது.
காய் வேருக்குச் சொந்தமா, படுத்திருக்கும் மண்ணுக்கா?
அவள் யாரையும் கேட்கவில்லை.
நேற்றிரவு உறைபனி.
"விட்டிருந்தால் அழுகியிருக்கும்"
என்று கத்தியிடம் சொன்னாள்.

பாதி வெட்டியபின்தான் புரட்டிப் பார்த்தாள்.
தரையில் அழுந்தியிருந்த பக்கம்
தழும்பேறிய எழுத்துகள்.
பிஞ்சாயிருக்கையில் ஆணியால் கீறியது;
காய் பருக்கப் பருக்கப்
பெயரும் பருத்திருக்கிறது.
ஐரி இந்தப் பாதியில்.
ஸ் அந்தப் பாதியில்.

ஆன்சனின் மகள்.
ஒன்பது வருடம் இவள் பேருந்தில்
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
அவன் எப்போது வேலி தாண்டி வந்தான்?
இவள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த
ஏதோ ஒரு காலையில்.
ஆக, திருட்டுக்கால் இரண்டு பக்கமும்.

வெட்டியதை ஒட்ட முடியாது.
வேகவைக்கலாம், மசிக்கலாம்.
இரண்டு முட்டை, எண்ணெய், பழுப்புச் சர்க்கரை.
பட்டைத்தூள் ஒரு கரண்டி, சுக்கு அரை,
ஜாதிக்காய் துருவியதில் விரல்நுனியும் கொஞ்சம்.
கிராம்பு டப்பாவின் மூடி
கையோடு வந்துவிட்டது.

இதற்கு ஈஸ்ட் கிடையாது.
ஈரத்துணி போர்த்தி உறங்கவைக்க வேண்டாம்,
பொங்குமா என்று எட்டிப் பார்க்க வேண்டாம்.
ஈரம் பட்டதும் சோடா அவசரப்படும்.
ரொம்பக் கலக்கினால் ரப்பராகிவிடும்.
குற்றவாளிகளுக்கென்றே கண்டுபிடித்த ரொட்டி.

எல்லாம் சரியாகத்தான் போனது,
வாசனை கிளம்பும்வரை.
அடுப்புக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு,
முற்றத்துக் காய்ந்த சருகு,
பிறகு கொடி வந்த அதே வழியில்
வேலி ஏறி அந்தப் பக்கம் குதித்தது.

நடுமுதுகு வெடித்த ரொட்டியில்
பல்குச்சியைக் குத்தி எடுத்தாள்.
குச்சி மட்டும் குற்றமற்று வெளியே வந்தது.

ஆன்சன் சமையலறை வாசலில்.
பூட்ஸைக் கழற்றவில்லை, போகவும் இல்லை.
"மணம் வந்தது" என்றான்.
"பூசணிக் கூழ் கடையில் டப்பாவிலேயே விற்கிறதே" என்றாள்.
நாளிதழ்மேல் காய்ந்துகொண்டிருந்த
இருநூறு விதைகளை அவன் பார்த்தான்.
விதைகளும் அவனைப் பார்த்தன.

சூடு ஆறுமுன் வெட்டினால் உதிரும்.
உதிர்ந்ததையும் வழித்துச் சாப்பிட்டான்.
"கிராம்பு தூக்கல்."
இன்னொரு துண்டைத் தானே வெட்டிக்கொண்டான்.
மென்றபடி,
சுவர்க் காலண்டரிடம் சொல்வதுபோல்:
"இந்த வருஷம் வரவில்லையாம்.
லீவு கிடைக்கவில்லை."

இரண்டாவது ரொட்டியைத் துவாலையில் சுற்றிக் கொடுத்தாள்.
துவாலையைத் திருப்பித் தர வேண்டும்
என்று ஏனோ கண்டிப்பாகச் சொன்னாள்.
படியிறங்கியவன் நின்றான்.
"தோலை எறிந்துவிட்டாயா?"

"இல்லை."

ஜன்னல் விளிம்பில், வெயில் படும் இடத்தில்
இரண்டு துண்டும் ஓரம் சுருங்கிக் கிடந்தன.
ஸ்-க்குப் புள்ளி வைத்ததுபோல்
ஓர் ஈ.