குப்பனூர் வழி

கண்ணில் ஒரு பழுதும் இல்லை என்றார்கள்.
இரண்டும் கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி.
பழுது பின்மண்டையில், வலப்பக்கம்,
கொண்டலாம்பட்டி பைபாஸில் தார் தொட்ட இடத்தில்.
அதனால் தொலைந்தது இடப்பக்கம்.
இருட்டாக அல்ல.
இருட்டென்றால் அதையாவது பார்க்கலாம்.
முதுகுக்குப் பின்னால் எப்படியோ அப்படி,
இல்லாமல் இருக்கிறது.

பஸ் நிலையத்தில் நின்று போர்டு படித்தேன்.
மங்கலம் போகும் பஸ் வந்தது.
குறிச்சி போகும் பஸ் வந்தது.
காடு போகும் பஸ்ஸில் ஒரே தள்ளுமுள்ளு.
ஊர்களெல்லாம் தலையை வீட்டில் விட்டுவிட்டு
வாலை மட்டும் அனுப்பியிருந்தன.

செவ்வாய்ப்பேட்டையில் பிளெக்ஸ் அடிக்கும் கடை எனக்கு.
தையல் பிரித்து வந்து நான் சரிபார்த்த முதல் பேனரில்
'அஞ்சலி' என்று மட்டும் இருந்தது.
சரியாத்தான் இருக்கு, ஓட விடு என்றேன்.
பன்னிரண்டுக்கு எட்டு அடியில்
'தண்ணீர் அஞ்சலி' காய்ந்துகொண்டிருந்தது.
செத்தவரின் மச்சான் சண்டைக்கு வந்தார்,
என் தலையைப் பார்த்தார்,
சண்டை போடாமல் போய்விட்டார்.
அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னார்கள்.
பிளசி என்ற பெண் பசை தடவி
இருபத்தோரு ஒயர் ஒட்டினாள்.
கண்ண மூடுங்கண்ணா.
மூடினால் திரையில் அலை எழுமாம், நொடிக்குப் பத்து.
திறந்தால் அடங்கிவிடுமாம்.
கடைக்கு ஆள் வராத மத்தியானத்தில்
பையன்கள் மேஜையில் தட்டுவார்களே, அந்தத் தாளம்.
ஆள் படியேறினால் கை நின்றுவிடும்.
இடப்பாதி மூளையில் நன்றாகவே தட்டுகிறார்கள்.
வலப்பாதியில் ஏழு, ஆறரை,
சில இடத்தில்
கோடையில் திருமணிமுத்தாறு.

எதோடு எது பேசுகிறது என்று டாக்டர் ஒரு படம் காட்டினார்.
புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி கோடு.
பின்னாலிருந்து முன்னால் போக வேண்டிய கோடுகள்
வலப்பக்கம் பாதியில் காணோம்.
அவர் பேனா எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனது.
"மலை சரிஞ்சா ஏற்காடு பஸ் நிக்குதா என்ன?
குப்பனூர் வழியா போகுதில்ல.
ஒரு பேச்சுக்குச் சொல்றேன். உறுதி எல்லாம் தர முடியாது."

அடுத்த வாரம் இன்னொரு சோதனை.
இடப்பக்கம் ஒரு விளக்கு மின்னும், மேலே அல்லது கீழே.
தெரியல என்றேன்.
"தெரியலன்னு தெரியும். வாய்க்கு வந்தத சொல்லுங்க."
எரிச்சலில் சொன்னேன்.
மேலே. கீழே. கீழே. எழவு, மேலே.
நாற்பதில் முப்பத்தொன்று சரி.

முப்பத்தொன்று!
அன்றிரவு தூக்கமில்லை.
எனக்குள்ளேயே ஒருத்தன்
என்னிடம் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான்.
பதிலை மட்டும் நாக்கில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.
கண்ணீருக்கும் தண்ணீருக்கும்
அவனுக்கு வித்தியாசம் தெரியுமா?
தெரிந்தால் அன்றைக்கு ஏன் சும்மா இருந்தான்?

ஐப்பசி மழையில் மலைப்பாதை நிஜமாகவே சரிந்தது.
மாதேஸ்வரியின் அக்கா மகளுக்குச் சீமந்தம், ஏற்காட்டில்.
வீராணம், குப்பனூர் என்று பஸ் சுற்றியது.
நாலு மாதமாக அவளை வலப்பக்கமே உட்கார வைத்திருந்தேன்.
இந்தப் பக்கம் வா என்றேன்.
ஒரு நொடி பார்த்தாள்.
எழுந்து, என்னைத் தாண்டி,
இல்லாமல் போனாள்.

அமிர்தாஞ்சன் வாசனை மட்டும் மிச்சம்.
வளைவில் பஸ் என்னை இடப்பக்கம் சாய்த்தது.
ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு தோள் இருந்தது,
கொஞ்சம் வியர்த்து.

கையில என்ன வச்சிருக்கேன், சொல்லு என்றாள்.
தெரியல.
தெரியலன்னு தெரியும்.
கொய்யா என்றேன்.
சிரித்தாள். வெறுங்கைதான், சும்மா நீட்டினேன்.

அதற்குள் என் கை போயிருந்தது.
துழாவாமல், காற்றைத் தடவாமல்,
நேராக அந்த உள்ளங்கைக்கு.

அவனா, என்றாள்.

கேட்டுச் சொல்றேன் என்றேன்.