எட்டாவது கேள்வி

டிசம்பர். புந்தா அரேனாஸில் இரவு இருட்டவே மறுக்கிறது.
சமையலறை மேசையில் இரண்டு கட்டு விடைத்தாள்கள்:
வகுப்பறைக்கு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்,
திரைவழி படித்தவர்கள் முப்பத்தெட்டு.
ஒரே புள்ளியியல், ஒரே நான், ஒரே கேள்வித்தாள்.
சராசரியில் புள்ளி ஆறு இடைவெளி.
ஏழுதான் இங்கே முழு மதிப்பெண்; புள்ளி ஆறு சின்னதல்ல.

துறைத்தலைவருக்கு ஒரு வரி போதும்:
"நேரில் வந்தவர்களே தேறினார்கள்."
எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன்.

தேர்வன்று பேய்க்காற்று.
சதுக்கத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துப் பிடித்து
எல்லோரும் ஒரே கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.
பாதிப் பேர் பழகிய முகங்கள்,
யார் பேனா கடிப்பார்கள் என்பது வரை தெரியும்.
மீதிப் பேருக்கு என்னைத் தெரியும். அவ்வளவுதான்.
ஒருத்தி கேட்டாள்: "இவ்வளவு குள்ளமா டீச்சர் நீங்கள்?"
இன்னொருவன்: "இருமல் எப்படி இருக்கிறது?
ஏழாவது பாடத்தில் பயந்தே போனேன்."
நான் இருமியது ஜூலையில். அவனுக்கு அது முந்தாநாள்.

அப்புறம், ரெமிஹியோ நவெல்கின்.
நண்டுப் படகில் வேலை. விரலெல்லாம் உப்பு வெடிப்பு.
சிக்னல் கிடைக்கும் துறைகளில் பாடங்களை இறக்கிக்கொண்டு
கடலில், ஒன்றரை மடங்கு வேகத்தில்,
நான் மூச்சுவிடும் இடங்களையும் விரட்டியபடி கேட்டிருக்கிறான்.
படகு ஆடினால் நிறுத்துவானாம்.
ஆடாத இரவு குறைவு.

எட்டாவது கேள்வி நான் வைத்த கண்ணி:
"இரு பிரிவுகளின் சராசரி வேறுபடுகிறது.
காரணம் கற்பிக்கும் முறைதானா? விளக்குக."
வகுப்பறைக் கட்டில் பலரும்
பலகையில் நான் எழுதிய வாக்கியத்தை
நான் அடிக்கோடிட்ட இடத்திலேயே அடிக்கோடிட்டு
பத்திரமாகத் திருப்பித் தந்திருந்தார்கள்.
முழு மதிப்பெண். வேறென்ன போட?

ரெமிஹியோ கணக்கில் கோட்டை விட்டிருந்தான்.
தசமப் புள்ளி இடம் மாறி ஐந்தாவது போச்சு, ஆறாவதும் போச்சு.
எட்டாவதுக்குக் கீழே நாலே வரி:

"சொல்ல முடியாது.
யாரும் சீட்டுக் குலுக்கி எங்களைப் பிரிக்கவில்லை.
திரையை நான் தேர்ந்தெடுக்கவில்லை, டீச்சர்,
படகு புறப்படும் நேரம் தேர்ந்தெடுத்தது."

மூன்று புள்ளி எட்டு. தேற நாலு வேண்டும்.
மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.
மூன்று புள்ளி எட்டேதான். கை வைக்கவில்லை.

அறிக்கையில் என் ஒற்றை வரியை அடித்துவிட்டு
அவன் நாலு வரியைப் பெயர் போடாமல் எழுதினேன்.
அடியில், யாரும் கேட்காத ஒரு குறிப்பு:
மறுதேர்வைப் படகுகள் கரையில் கிடக்கும் வாரத்தில் வைக்கவும்.

ஜன்னல் சட்டம் இன்னும் தடதடக்கிறது.
அடுத்த ஆண்டுக்கு ஏழாவது பாடத்தைச் சீர்செய்ய வேண்டும்;
இருமலை மட்டும்
வெட்டாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.