பத்தி நாற்பத்தொன்று

பதவி உயர்வுப் பாரத்தில் ஐந்தாம் கட்டம்:
ஆய்வு ஆர்வங்கள். ஐம்பது சொல்லுக்குள்.
நிலச் சட்டம் என்று எழுதினேன்.
குடியிருப்போர் உரிமை என்று எழுதி
உரிமையை அடித்தேன்.

தொண்ணூற்றெட்டில் என் முதல் கட்டுரை.
முப்பத்திரண்டு பக்கம், நூற்றுப்பதினான்கு அடிக்குறிப்பு.
லயத்து வீட்டில் இருப்பவர் வாடகைக்காரரா,
வெறும் அனுமதியில் தங்கியவரா?
வேலை உள்ளவரை வீடு,
வேலை போனால் சாவி.
சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று நிறுவிவிட்டு,
அப்படி இருக்கக் கூடாது என்றேன்
கடைசிப் பக்கத்தில்.

கடைசிப் பக்கம் வரை யாரும் வரவில்லை.

போன மாதம், சிரம்பான் உயர் நீதிமன்றம்,
பத்தி நாற்பத்தொன்று:
"பேராசிரியர் அனுசூயா குழந்தைவேலு
ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியுள்ளபடி..."
கிளென்மார் தோட்டம். பதினேழு குடும்பம். முப்பது நாள்.
பல்கலைக்கழகக் கணக்கில்
எனக்கு மேற்கோள் ஒன்று கூடியது.
டீன் வாழ்த்து அனுப்பினார்,
கைதட்டும் பொம்மையோடு.

சனிக்கிழமை பகாவ் போனேன்.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒட்டுக்கடை.
மேல்முறையீட்டுக்கு உதவ வந்தவள் என்றேன்,
பேர் சொல்லவில்லை.
குழுவின் பொருளாளர் சன்னாசி, செம்பனை லோரி ஓட்டுபவர்,
மீன் வாங்கிய பிளாஸ்டிக் பையிலிருந்து தீர்ப்பை எடுத்தார்.
என் வரிக்கு மஞ்சள் பூசியிருந்தது.
"இது யாருன்னு தெரியுமாம்மா? உங்க கூட்டந்தானே?"
"நம்ம பேரு மாதிரி இருக்கு," என்றார் அவர் மனைவி.
"எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ."

எந்தத் தோட்டமும் இல்லை.
ரயில்வே கிளார்க் மகள்.
லயத்துக்குள் முதன்முதலில் கால் வைத்ததே
அடிக்குறிப்பு அறுபத்தாறுக்காகத்தான்.
தேயில் சீனி இல்லை.
இருந்தும் கலக்கிக்கொண்டிருந்தேன்.

பையில் இன்னும் இருந்தது:
எண்பத்தேழில் வாங்கிய சிங்க் தகர ரசீது,
சிமெண்டு பன்னிரண்டு மூட்டை,
பின்கட்டு அடுப்படி கட்டிக்கொள்ளலாம் என்று
மானேஜர் நீல மையில் போட்ட கையெழுத்து.
மூச்சு ஒரு கணம் நின்றது.
அனுமதி கொடுத்தவன் கட்டவும் விட்டிருக்கிறான்,
கட்டியவன் காசு போட்டிருக்கிறான்.
இருபத்தாறு ஆண்டில் இந்தத் தாளை
எந்த நூலகமும் எனக்குக் காட்டவில்லை.
வெட்கம்தான், சொல்லிவிடுகிறேன்:
பதினேழு வீட்டுக்கு முன்னால்
எனக்குள் எழுந்து உட்கார்ந்தது
ஒரு கட்டுரைத் தலைப்பு.

"உங்க பேரு போட்டுடுங்கம்மா, குழு நோட்டுல."
தீர்ப்பில் ரூமியில் கிடந்ததைத்
தமிழில் எழுதினேன். முழுசாக.
அப்பா பேரையும் சேர்த்து.

எழுத்துக் கூட்டி வாசித்தார்.
விரல் மஞ்சள் வரிக்குப் போனது,
நோட்டுக்குத் திரும்பியது,
மறுபடியும் போனது.
வெளியே ஒரு லோரி பின்வாங்கும் சத்தம்.

ரசீதுகளை எண்ணிப் பைக்குள் வைத்தார்.
பிறகு ஒன்றை மட்டும் வெளியே எடுத்து
என் பக்கம் தள்ளினார்.
கடைக்காரரைப் பார்த்துக் கைதூக்கினார்.
இரண்டு என்பார் என்று நினைத்தேன்.
மூன்று தே சொன்னார்.