மாட்டுக்கு ஒளிப்பட்டி

வைகாசியில் மட்டும் பதினொரு பேர்.
விபத்துப் பிரிவுச் சுவரில்
வரைபடத்துக்குக் குண்டூசி குத்துகிறேன்.
பரந்தன் சந்திக்கு வடக்கே
இனிக் குத்த இடமில்லை.
எல்லாம் இரவு. எல்லாம் மாடு.
கறுத்த மாடு, கறுத்த தார்,
ஹெல்மெட் பெற்றோல் ராங்கியின் மேல்.

பால் சேகரிப்பு நிலையத்தில் கூட்டம்.
பெட்டி நிறைய ஒளிரும் பட்டி.
"கழுத்தில கட்டுங்கோ, லைற் பட்டால் மின்னும்."

பின்வாங்கிலிருந்து தவக்குமார்
சாரத்தை முழங்காலுக்கு உயர்த்தினார்.
"பிள்ளை, இது செல் பீஸ்.
வெளியில எடுக்கேலாதாம்.
இதுக்கு எதைக் கட்டியிருக்கலாம்?"

ஆரும் சிரிக்கவில்லை.
என் படிவத்தில்
அதற்கொரு கட்டமில்லை.
மிச்சப் பேச்சை மடித்துக்
கைப்பைக்குள் வைத்தேன்.

கலைந்து போகையில் அவரே வந்தார்.
"ஏழு மாடு."
எட்டுப் பட்டி எண்ணி எடுத்தார்.
எட்டாவது,
ரியூசனால் இருட்டித் திரும்பும்
மகளின் சைக்கிளுக்காம்.

நேற்று நள்ளிரவு,
மாங்குளத்திலிருந்து நோயாளியோடு
அம்புலன்சில் வருகிறோம்.
வெளிச்சம் எட்டும் தூரத்தில்
ஏழு வளையங்கள்
நடுவீதியில் படுத்து அசைபோடுகின்றன.

றெஜினோல்ட் பிரேக்கில் கால் வைத்தான்.
இறங்கி,
ஒவ்வொன்றாய்த் தட்டி எழுப்பினான்,
பெயர் தெரிந்தவன்போல.