அரைப்பேர்

பொகவந்தலாவை பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடையின் மாடியில் என் அறை.
மழை இறங்கினால் சிக்னல் ஏறாது.
ஜூனில் மழை இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

நான் செய்வது பெரிய வேலை இல்லை.
சார்பு மொழி ஒன்று; அதை எழுதும் எடிட்டருக்குள்
ஒட்டிக்கொள்ளும் சின்னச் செருகுநிரல்.
பிழை கண்டால் அடியில் சிவப்புக் கோடு போடும்,
பெயரைப் பாதி தட்டினால்
மீதியை அதுவே நிரப்பும்.

மதினி சிரித்தாள்.
"அரைப்பேர முழுப்பேரா ஆக்குற மிசினா?
மொதல்ல அத எங்க கணக்கப்பிள்ளைக்கிட்ட குடு."

மேற்கணக்கில் பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
பதினேழரை என்றால் அரைப்பேர், அரைச் சம்பளம்.
மீதியை நிரப்பித் தர
எந்தச் செருகுநிரலும் அங்கே ஏறவில்லை.

அவளுக்காக ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன்.
அவள் சொல்லும் கிலோ ஒரு பக்கம்,
சீட்டில் போட்ட கிலோ மறுபக்கம்.
மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தேன்: கொழுந்து.
வகைக்கு வைக்க முடியவில்லை.
வகையின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டுமாம்.
எங்கள் நெடுங்கணக்கில்
துரை எழுத்தென்று ஒன்று கிடையாது.

ஓடவிட்டேன். பிழை.
ஆனால் சிவப்புக் கோடு கொழுந்தின் கீழே இல்லை.
தள்ளிப்போய்,
ஒன்றுமே எழுதாத இடத்தில் நெளிந்துகொண்டிருந்தது.

இரண்டு இரவு தேடிப் பிடித்தேன்.
மொழியின் பக்கம் பைட்டை எண்ணுகிறது: இருபத்துநாலு.
எடிட்டர் குறியை எண்ணுகிறது: எட்டு.
ஞாயிறு பாம் வாங்க வந்தவளைக் கேட்டேன்.
கறை ஏறிய விரலை மடக்கினாள்,
கொ, ழு, ந், து.
"நாலு. இதுல என்ன சந்தேகம்?"

ஒரே சொல்லுக்கு மூன்று தராசு.

இதைக் கேட்டு அவள் வியக்கவே இல்லை.
மடுவத்திலும் அப்படித்தானாம்:
பறித்தது ஒன்று,
முள் காட்டியது ஒன்று,
புத்தகத்தில் ஏறியது ஒன்று.
ஈரத்துக்கு இரண்டு கழிப்பார்கள்,
சாக்குக்கு ஒன்று,
எதற்கென்று யாரும் சொல்லாத இன்னொன்று.

சார்பு மொழிக்கு ஒரு சத்தியம் உண்டு.
ஒரே உள்ளீட்டுக்கு என்றைக்கும் ஒரே விடை;
யார் கூப்பிட்டாலும் முகம் பார்க்காது,
திங்களுக்கு ஒன்று சனிக்கு ஒன்று சொல்லாது.
மடுவத்துத் தராசுக்கும் சார்பு உண்டு.
அது வேறு சார்பு.

பதினொரு வரியில் சரிசெய்தேன்.
பைட்டைக் குறியாக்க ஏழு,
மீதி நான்கு என் பயத்துக்கு.
இந்தச் செருகுநிரலை என்னோடு சேர்ந்து பார்க்கும் தோமாஷ்
பிராக்கிலிருந்து கேட்டான்:
இது எத்தனை பேருக்குத் தேவைப்படும்?
இப்போதைக்கு ஒன்றரைப் பேருக்கு என்று தட்டினேன்.
அவனுக்குப் புரியாது.
அழித்துவிட்டு, போதுமான பேருக்கு என்று அனுப்பினேன்.

இப்போது கோடு சரியாக விழுகிறது,
கொ-வில் தொடங்கி து-வில் முடிகிறது.
பிழை பிழையாகவே இருக்கிறது.
செருகுநிரல் எதையும் திருத்தாது,
எங்கே என்று மட்டும் சொல்லும்.
மதினி திரையை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை
கேட்காமலே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய் மத்தியானம் போன்.
சம்பளச் சீட்டில் பதினாலாம் தேதிக்குக் கீழே
கோடு போட்டாளாம்,
வளைச்சு வளைச்சு, உன் மிசின் மாதிரியே.
கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி
இது என்ன என்றாராம்.
"பிழ இங்க இருக்குன்னேன்.
அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா,"

மழை இறங்கிவிட்டது.