அரை மலை

பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம்.
விலகும்போது கொடுத்தது
ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு காசோலை,
இடது காதுக்குள் நிற்காத ஒரு விசில்.

"மலைப்பக்கம் போய் இருங்கம்மா,
அமைதியா இருக்கும்"
என்றார் ஓசூர் டாக்டர்.
சீட்டில் எழுதவில்லை, வாயால்தான் சொன்னார்.
அதை மருந்தாய் மடித்து வைத்துக்கொண்டு
நானும் நாத்தனார் சௌடம்மாவும்
ஞாயிறுதோறும் பஸ் ஏறினோம்.
அவள் தம்பி என்னை விட்டுப்போய்ப்
பதினோரு வருஷம்.
போனது அவர் மட்டும்தான்.

முதலில் தளி.
பனி. பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே
வெளியூர் போகக் காத்திருக்கும் ரோஜா.
புரோக்கர் திம்மராயப்பா
கை நீட்டிய பக்கமெல்லாம் வியூ என்றார்.
தண்ணி எங்கே என்றால், வியூ.
பட்டா யார் பேரில் என்றால்
அதைவிட நல்ல வியூ.

அஞ்செட்டிப் பக்கம் ஓட்டு வீடு,
வாடகை மூவாயிரம், முன்னால் பலா.
"பழுக்கிறதுக்கு முந்தியே வெட்டிடுங்க,
யானை வந்து நிக்கும்" என்றாள் வீட்டுக்காரி,
பால்காரன் வந்து நிற்பான் என்பதுபோல.
ராகி முற்றும் மாசத்தில்
ராத்திரி முழுக்கத் தகரம் தட்டவேண்டுமாம்.
தகரம்!
சௌடம்மா என்னைப் பார்த்தாள்,
நான் பலாவைப் பார்த்தேன்.

வத்தல்மலைக்கு ஏறும்போது
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தவள்
பதினேழாவதில் வாந்தி எடுத்தாள்.
மேலே காப்பிச் செடி, மிளகுக்கொடி,
யாரோ தும்மினால் அடுத்த சரிவில் கேட்கும் காற்று.
"கீழே ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"
டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்தபடி
"யாருக்கு?" என்று கேட்டார்.
அதற்குப் பிறகு நாங்கள் எதுவும் கேட்கவில்லை.

பெட்டமுகிலாளத்தில்தான் மனசு நின்றது.
பேரிலேயே முகில் இருக்கிற ஊர்.
சாமைக் கொல்லையின் வரப்பில் உட்கார்ந்தால்
கால் விரலுக்குக் கீழே மேகம்.
"இங்கேதான்" என்றேன்.
ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்போமென்று
கெம்பம்மா வீட்டுப் பின்னறையில் படுத்தோம்.
ஒன்பது மணிக்கு ஊர் அணைந்தது.
பத்து மணிக்கு நாய்களும்.
அப்புறம்
அந்த மலை மொத்தமும் வாயை மூடிக்கொண்டு
என் காதைக் கேட்க ஆரம்பித்தது.
விசில் எழுந்தது.
அதன் பின்னால் கன்வேயர், ஏர் லைன்,
நாற்பது டன் பிரஸ்,
இரண்டாம் ஷிப்டின் சைரன்.
போர்வையைத் தலைவரை இழுத்தேன்.
போர்வைக்குள்ளும் ஷிப்ட் முடியவில்லை.

காலையில் எதுவும் சொல்லாமல் இறங்கினோம்.
ராயக்கோட்டையில் பஸ் மாற நின்றபோது
தக்காளி மண்டிக்குப் பின்னால்
வாடகைக்கு என்று சுண்ணாம்பில் எழுதிய சுவர்.
ஒருபக்கம் மாவு மில், மறுபக்கம் ரயில் பாதை.
வீட்டுக்காரர் முனிகிருஷ்ணப்பா சிரித்தார்.
பல்லைப் பார்த்தேன். கறை இல்லை.
இந்தப் பக்கம் தண்ணீரைச் சோதிக்க
வேறு கருவி தேவையில்லை.

அட்வான்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது
ஒரு சரக்கு வண்டி வந்தது.
ஜன்னல் கம்பி நடுங்கியது, சௌடம்மா காதைப் பொத்தினாள்.
நாற்பத்தொரு பெட்டி.
எண்ணி முடிக்கும்வரை
என் காதில்
எதுவுமே இல்லை.

"இதுக்கா மலை மலையா ஏறி இறங்கினோம்?"
மூட்டை பிரிக்கும்போதும் கேட்டாள்,
கடிகாரத்துக்கு ஆணி அடிக்கும்போதும் கேட்டாள்.
ஞாயிறு என்றால் மில் ஓடாது.
அன்றைக்கு மட்டும் அந்தக் கடிகாரத்தைக் கழற்றித்
தலையணைக்கு இடதுபக்கம் வைத்துக்கொள்கிறேன்.

திம்மராயப்பா போன் செய்தார்:
"எங்கே மேடம் செட்டில் ஆனீங்க? வியூ எப்படி?"
"அரை மலை தெரியுது."
"மீதி?"
"பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி."
அந்த அரைக்கு முன்னால்தான்
சௌடம்மா கொடி கட்டியிருக்கிறாள்.
துணி காயும்வரை
அதுவும் இல்லை.